தொண்டா, தொழிலா?

ஆண்டுதோறும் மே மாதம் 12ஆம் திகதி வந்ததும் நம் நாட்டு வைத்தியசாலைகளிலே விளக்குகள் ஏற்றப்படுகின்றன. மேடையில் வீற்றிருக்கும் பெரியோர் தாதியரை வெண்ணிற ஆடைத் தேவதைகள் என்கின்றனர். கருணையின் வடிவங்கள் என்கின்றனர். பெற்ற தாய்க்கு அடுத்த தாய் என்கின்றனர். பூச்செண்டு கைமாறுகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. கூட்டம் கலைந்ததும் பேச்சாளர் வாகனத்தில் ஏறிச் செல்கிறார். தேவதைகளோ ஓட்டமும் நடையுமாகத் தத்தம் விடுதிகளுக்குத் திரும்புகின்றனர். அவர்கள் இல்லாத அந்த ஒரு மணி நேரத்து வேலை அங்கே எவராலும் தொடப்படாமற் காத்துக் கிடக்கிறது.

மறுநாள் வேறொரு பேச்சுக் கேட்கிறது. பஸ்ஸிலும் தேநீர்க்கடையிலும் கலியாண வீட்டுப் பந்தலிலும் கேட்கும் பேச்சு அது. "ஆசுப்பத்திரி நேர்ஸ்மாரோடை வாய் குடுக்கேலாது, ஏதும் கேட்டால் எரிஞ்சு விழுகினம்" என்பதே அதன் சாரம். இவ்வாறு கூறுவோர் பொய் கூறுகின்றனர் என்று நாம் சொல்ல வரவில்லை. விடியுமுன் பஸ் பிடித்து வந்து, வெளிநோயாளர் பிரிவிலே மதியம்வரை வரிசையில் நின்று, ஈற்றில் ஒரு கடுஞ்சொல்லையும் வாங்கிக்கொண்டு திரும்பும் ஏழையின் மனக்கொதிப்பு முற்றிலும் நியாயமானது. பணம் படைத்தவன் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுகிறான். கடுஞ்சொல் கேட்பவன் எப்பொழுதும் ஏழையே.

அண்மைக் காலத்தில் மூன்றாவது பேச்சு ஒன்றும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. அது அதிகாரிகளின் பேச்சு. தாதியருக்கு 'மன அழுத்தம்' இருப்பதை அவர்கள் கண்டுபிடித்துவிட்டனர். எனவே அதனைச் சமாளிப்பது எப்படி என்று கற்பிக்க அரைநாட் கருத்தரங்கு நடைபெறுகிறது. மூச்சை உள்ளிழுத்து வெளிவிடும் பயிற்சி, நல்லெண்ணங்களை வளர்ப்பது பற்றி ஒரு விரிவுரை, முடிவிலே ஒரு சான்றிதழ். இரவுக் கடமை முடித்து நேரே கருத்தரங்குக்கு வந்த தாதி நாற்காலியிலே தூங்கி விழுவதைக் கண்டு பேச்சாளர் மனம் வருந்துவதும் உண்டு.

தேவதை, சிடுமூஞ்சி, மனநோயாளி என்னும் இம்மூன்று சித்திரங்களும் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றும். உண்மையில் மூன்றும் தாதியின் மனத்தைப் பற்றியே பேசுகின்றன. அவளது வேலையைப் பற்றிப் பேசவில்லை. எத்தனை நோயாளருக்கு எத்தனை தாதியர், எத்தனை மணி நேரம், என்ன சம்பளத்துக்கு என்னும் வினாக்களை மூன்றுமே லாவகமாகத் தவிர்த்துவிடுகின்றன. தாதியரின் மன அழுத்தம் எனப்படுவது கடமைப் பட்டியலிலே பிறந்து, பின்னரே அவர்தம் மனத்துட் புகுகிறது. இதனை மறைக்கும் திரையாகவே 'தொண்டு' என்னும் சொல் இன்று பயன்படுகிறது என்பது நமது கட்சி.

மே 12 எவருடைய பிறந்த நாளோ அவரிடமிருந்தே தொடங்குவோம். 1820இற் பிறந்த புளோரன்ஸ் நைற்றிங்கேல், கிரிமியப் போரின்போது 1854இலே ஸ்கூற்றாரி இராணுவ ஆஸ்பத்திரிக்குச் சென்றார். இரவிலே விளக்கேந்திக் கட்டில் கட்டிலாகச் சென்ற அவரது படத்தை அறியாதார் இல்லை. ஆனால் அவரது நீண்ட வாழ்நாளில் அவர் கை விளக்கைப் பிடித்திருந்த நேரத்திலும் பேனையைப் பிடித்திருந்த நேரமே மிகப் பெரிது. போர்க் காயங்களால் மாண்டவரைவிட அழுக்காலும் நெரிசலாலும் பரவிய நோய்களால் மாண்ட படைவீரரே மிகப் பலர் என்பதை எண்களால் நிறுவி, அவ்வெண்களைக் கண்ணாற் கண்டு தெளியத்தக்க வரைபடங்களாகத் தீட்டி, 1858இலே பிரித்தானிய ஆட்சியாளரின் முகத்துக்கு முன் நீட்டியவர் அவர். புள்ளிவிபரச் சங்கத்தில் அங்கத்துவம் பெற்ற முதற் பெண்ணும் அவரே. படைவீரன் சாவதற்குச் சாக்கடையும் காற்றோட்டமின்மையும் சீர்கெட்ட நிருவாகமுமே காரணம் என்று வாதாடிய அப்பெண்மணியின் விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு, கணக்கேட்டை ஒளித்துவிட்டனர் நமது மேடைப் பேச்சாளர்.

சொற்களோடு பிழைப்பு நடத்துபவராகையால், 'தாதி' என்னும் சொல்லையும் சற்று நோக்க நமக்கு ஆசையுண்டு. தமிழகராதி இச்சொல்லுக்கு இருவேறு பொருள் தருகின்றது. வளர்ப்புத்தாய் என்பது ஒன்று. வேலைக்காரி, அடிமைப்பெண் என்பது மற்றொன்று. வடமொழியின் இருவேறு சொற்கள் தமிழிலே வந்து ஒரே வடிவிற் கலந்துவிட்டன. தற்செயலான கலப்புத்தான். ஆயினும் நம் சமுதாயம் அப்பெண்ணை நடத்தும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திராது. மேடையிலே முதற்பொருள் வழங்குகிறது. விடுதியிலே இரண்டாம் பொருள் வழங்குகிறது. தமிழ்நாட்டார் 'செவிலியர்' என்று மாற்றிக்கொண்டனர். பெயர் மாறியதனாற் கட்டில்களின் தொகை குறைந்துவிடுவதில்லை என்பதை அவர்களும் அறிவர்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் ஈற்றிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து இயற்றும் உழைச்செல்வானையும் சேர்த்தே அவர் எண்ணுகிறார். உழைச்செல்வானுக்கு வேண்டும் பண்புகள் நான்கெனப் பரிமேலழகர் விரித்தார்: நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவாறு செய்து முடிக்கும் வன்மை, அறிவு. நல்ல பட்டியல்தான். உழைச்செல்வானிடம் நாம் எதிர்பார்ப்பன யாவை என்பதை இவ்வளவு நுட்பமாக வகுத்த உரைமரபு, உழைச்செல்வானுக்கு நாம் கொடுக்கவேண்டியன யாவை என்று கேட்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டை அண்டி வாழ்ந்த உரைகாரரிடம் அதனை எதிர்பார்ப்பது நியாயமாகாது. இருபத்தோராம் நூற்றாண்டின் சுகாதார நிருவாகிகளும் அவ்வளவில் நின்றுகொள்வதற்குத்தான் சமாதானம் காண முடியவில்லை.

தொண்டு என்னும் கருத்துக்கு நம் நாட்டிலே வேறொரு வேரும் உண்டு. கொழும்புப் பெரியாஸ்பத்திரியிலே பல்லாண்டு காலம் கன்னியாஸ்திரிகள் தாதியராகப் பணிபுரிந்தனர். தாதியைச் 'சிஸ்டர்' என்று விளிக்கும் வழக்கிலே அந்தக் காலத்தின் வாடை இன்றும் வீசுகிறது. அவர்களின் அர்ப்பணிப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் துறவிக்கு வீட்டு வாடகை இல்லை; பிள்ளையின் பாடசாலைச் செலவு இல்லை; மாமியாரின் மருந்துச் செலவு இல்லை. உலகியலைத் துறந்தோர் வகுத்த அளவுகோலைக் குடும்பச் சுமை முழுவதையும் தோளிற் சுமக்கும் பெண்மீது பிரயோகிப்பது நீதியாகாது.

இனி விடுதிக்குள்ளே செல்வோம். நம் நாட்டு அரச வைத்தியசாலைகளில் தாதியரின் நாள் பொதுவாக மூன்று முறைகளாகப் பிரிக்கப்படுகிறது. காலை 7 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை ஒன்று. 1 மணி முதல் மாலை 7 மணி வரை மற்றொன்று. மாலை 7 மணி முதல் மறுநாட் காலை 7 மணி வரை, முழுதாகப் பன்னிரண்டு மணி நேரம், இரவு முறை. காலை முறையை முடித்து வீடு சென்று, சமைத்து, உடுப்புத் துவைத்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே இரவு முறைக்குத் திரும்புவது இவர்களுக்குப் புதுமையன்று. கணவன் இரவு வேலை முடித்து வந்தால் வீடு மௌனம் காக்கிறது. மனைவி இரவு வேலை முடித்து வந்தால் அடுப்பு அவளுக்காகக் காத்திருக்கிறது. இதனை முற்போக்குப் பேசும் நமது வீடுகளிலும் காணலாம்.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்திலே 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் செயற்றிறனளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 1997இலே காட்டினர். பல நாடுகளில் வாகனச் சாரதிக்குச் சட்டம் விதித்த எல்லை அது. அந்த நிலையிற் பஸ் ஓட்டுபவனைப் பொலிசார் இறக்கிவிடுவர். அந்த நிலையில் உள்ள தாதியிடமோ, குழந்தைக்கு ஏற்றவேண்டிய மருந்தின் அளவைத் துளி பிசகாமற் கணக்கிடுமாறு சொல்கிறோம். இரவு முறை வேலை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007இலே வகைப்படுத்தி, 2019இலே மீளவும் உறுதிசெய்தது. மூச்சுப் பயிற்சிக் கருத்தரங்குகளில் இச்செய்தி எடுத்துரைக்கப்படுவதாக நாம் கேள்விப்படவில்லை.

சாதாரணதர வகுப்பிலே நம்மிடம் தமிழ் கற்ற மாணவி ஒருத்தி இன்று ஓர் ஆதார வைத்தியசாலையிலே தாதியாக இருக்கிறாள். அவள் கூறியதை அவளது வாய்மொழியிலேயே தருகிறோம்:

"அண்டைக்கு நைற்றிலை நாங்கள் ரெண்டு பேர்தான், சேர். நிலத்திலை பாய் போட்டவையையும் சேர்த்து நாப்பத்திமூண்டு நோயாளர். ஒரு மணிபோலை ஆறாம் கட்டில் அம்மா மோசம் போட்டா. அவவின்ரை கண்ணை மூடிவிட்டிட்டு மகளுக்குச் சொன்னன். அந்தப் பிள்ளை என்ரை தோளைப் பிடிச்சு அழுகுது. எனக்கெண்டால் பதினோராம் கட்டிலின்ரை சேலைன் முடியப்போகுது எண்டதுதான் நினைவிலை நிக்குது. அவளின்ரை கையை மெல்ல எடுத்துவிட்டிட்டுப் போனன். விடியக் காத்தாலை ஒருத்தர், ராத்திரிக் கூப்பிடக் கூப்பிட ஏன் வரேல்லை எண்டு பேசினார். நானும் திருப்பிப் பேசிப்போட்டன், சேர்."

அம்மனிதர்தாம் பஸ்ஸிலே பேசுகிறார். அவர் கூப்பிட்டது உண்மை. அவள் வராததும் உண்மை. அவள் திருப்பிப் பேசியது தவறு என்பதும் உண்மை. அவருக்கும் அவளுக்கும் இடையில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், நாற்பத்துமூன்று பேருக்கு இருவர் போதும் என்று தீர்மானித்தவர் தம் வீட்டிலே நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நோயாளி கண்டதில்லை. தாதியும் கண்டிருக்க மாட்டாள். கண்ணெதிரே நிற்பவள்மீது கோபம் பாய்கிறது. அடக்கப்பட்டோர் ஒருவரையொருவர் கடித்துக்கொள்வதைக் கண்டு ஆறுதல் அடையும் நிருவாகம் இது ஒன்றேயன்று. தோட்டத்திலும் துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் இதே கதையை நாம் கண்டிருக்கிறோம்.

அந்த மாணவி தோளிலிருந்து எடுத்துவிட்ட கையைப் பற்றி இன்னும் சற்றுப் பேசவேண்டும். லண்டனிலே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தாதியரை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் என்னும் உளவியலாளர் 1960இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். பயிற்சிக்கு வரும் தாதியரில் ஏறத்தாழ மூன்றிலொருவர் இடையிலேயே விலகிச்செல்வது ஏன் என்பது அங்கு எழுந்த பிரச்சினைகளுள் ஒன்று. பிணியும் சாவும் அருவருப்பும் பச்சாதாபமும் நிறைந்த வேலை அச்சத்தை விளைப்பது இயல்பே. ஆனால் அவ்வச்சத்தைத் தாங்கத் தாதிக்குத் துணைநிற்பதற்குப் பதிலாக, அதனை அவள் உணராதவாறு செய்யும் ஏற்பாடுகளையே அந்த ஆஸ்பத்திரி வகுத்து வைத்திருந்தது என்று அவர் கண்டார். வேலை துண்டு துண்டாக நறுக்கப்பட்டது. ஒருத்தி எல்லோருக்கும் வெப்பம் அளப்பாள். மற்றொருத்தி எல்லோருக்கும் மருந்து கொடுப்பாள். எவளுக்கும் தனக்கென்று ஒரு நோயாளி இல்லை. நோயாளி பெயரை இழந்து கட்டில் இலக்கமாகவோ பழுதுபட்ட உறுப்பாகவோ ஆனான். உறங்குபவனைத் தட்டியெழுப்பித் தூக்க மாத்திரை கொடுக்கும் விபரீதமும் நிகழ்ந்தது, பட்டியல் அவ்வாறு சொன்னபடியால். இந்த ஏற்பாடு அச்சத்தைப் போக்கவில்லை. தொழிலிலிருந்து பெறக்கூடிய மனநிறைவைத்தான் போக்கியது.

ஆறு தசாப்தங்களுக்கு முன்னர் எழுதப்பட்ட இவ்வாய்வுரையைப் படிக்குந்தோறும் நமக்கு நமது ஊர் விடுதிகளே நினைவுக்கு வருகின்றன. "ஆறாம் கட்டில் அம்மா" என்று நம் மாணவி கூறினாளே, கட்டில் இலக்கத்தோடு 'அம்மா' என்னும் முறைச்சொல்லையும் அவள் விடாது பற்றிக்கொண்டாள். அதைச் சொல்லிக்கொடுத்தது எந்தக் கருத்தரங்கும் அல்ல.

ஓயாத வேலைச்சுமையால் மனிதர் உள்ளே கருகிப்போகும் இந்நிலையை 1974இலே ஹேர்பட் பிறொய்டன்பேகர் என்னும் அமெரிக்க உளவியலாளர் விவரித்தார். கிறிஸ்ரினா மஸ்லாக் போன்றோர் அதனை அளந்தறியும் வழிகளை வகுத்தனர். உலக சுகாதார தாபனம் 2019இலே தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, இந்நிலையை ஒரு நோயாகக் கொள்ளவில்லை. வேலைத்தலத்தில் நீங்காது நிலவும் அழுத்தத்திலிருந்து தோன்றும் தொழில்சார் நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. 'எரிந்து விழுகிறார்கள்' என்று நாம் சலித்துக்கொள்கிறோம். எரிந்து தீர்ந்தபின் எஞ்சிய கரியோடு மல்லாடுகிறோம் என்பதை அறிந்திலோம்.

எண்ணிக்கையைப் பற்றிப் பேசினால் 'தொழிற்சங்கப் பேச்சு' என்று முகஞ் சுளிப்போர் உளர். ஆதலின் தொழிற்சங்கம் அல்லாத இடத்திலிருந்தே சான்று தருவோம். லிண்டா ஏய்கின் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பிலே மேலதிகமாக ஒரு நோயாளியைச் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும், சத்திரசிகிச்சை பெற்றோர் முப்பது நாளுள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது. தாதி உள்ளம் கருகிப்போகும் வாய்ப்பு 23 வீதம் கூடுகிறது. அதே குழுவினர் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளிலே நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளரின் தகவல்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்விலும் இறப்பைப் பொறுத்தவரை அதே 7 வீதமே வந்தது. தாதியின் களைப்பும் நோயாளியின் சாவும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பதை இதனைவிடத் தெளிவாக எவ்வாறு கூறுவது?

இவ்வாய்வுகளுக்கு முன்னரும் பின்னரும் சில நாடுகள் சட்டம் இயற்றின. கலிபோர்னியாவில் 1999இல் நிறைவேறிய சட்டம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. பொதுவான மருத்துவ, சத்திரசிகிச்சை விடுதிகளில் ஒரு தாதிக்கு ஐந்து நோயாளர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருவர் என்பது அங்கு உச்சவரம்பு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இலே பகலில் நால்வர், இரவில் எழுவர் என வரையறுத்தது. அதற்கான செலவைப் போல இரு மடங்குக்கு மேலான தொகை, நோயாளர் விரைவிற் குணமாகி வீடு சென்றமையாலும் மீண்டும் வந்து படுக்காமையாலும் மிச்சமாயிற்று என்று 2021இல் வெளிவந்த ஆய்வு கூறியது. அவையெல்லாம் செல்வந்த நாடுகள் என்பர். உண்மை. ஏழை நாட்டில் மனித உடல் பதினேழு மணி நேரத்தின் பின்னும் களைப்பதில்லை என்று எவரேனும் நிறுவினால் நாம் வாயை மூடிக்கொள்வோம்.

இந்த நாடு எக்காலமும் கையை விரித்துக்கொண்டே இருந்த நாடும் அன்று. 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன பின்னர், சர்வசன வாக்குரிமை பெற்றிருந்த மக்களின் குரலுக்கு அஞ்சிக் கிராமந்தோறும் ஆஸ்பத்திரிகள் எழுந்தன. 1951 முதல் இலவச வைத்தியம் அரசின் கொள்கையாயிற்று. தாய் சேய் மரணத்தை நாம் குறைத்த விதத்தை உலகம் வியந்து பேசுகிறது. அந்தப் புகழின் பெரும்பகுதி தாதியரும் குடும்பநல மருத்துவமாதரும் நடந்த நடையிலே ஈட்டப்பட்டது.

2022இலே அந்நியச் செலாவணி வற்றியபோது என்ன நேர்ந்தது? மருந்துக்கும் ஊசிக்கும் கையுறைக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 'இது வெளியிலே வாங்கவேண்டும்' என்று துண்டெழுதிக் கொடுத்து, வாங்க வழியற்றவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலையும் தாதியின் தலையிலே விழுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலே, அரசாங்க ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டு வரை வெளிநாடு செல்லலாம் என்று சுற்றறிக்கை வெளியாயிற்று. அரசுக்குச் சம்பளச் செலவும் மிச்சம், டொலரும் வரும் என்பது கணக்கு. மக்கள் வரிப்பணத்திலே பயின்ற தாதியர் வளைகுடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் செல்லத் தலைப்பட்டனர். சென்றவர்களை நாம் குறை கூறோம். சென்றவளின் நோயாளரும் எஞ்சியவளின் பட்டியலிலே ஏறினர் என்பதையே கூறுகிறோம். உலகெங்கும் 58 இலட்சம் தாதியர் பற்றாக்குறை என்று உலக சுகாதார தாபனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை கணித்துள்ளது. அப்பற்றாக்குறையைச் செல்வந்த நாடுகள் எங்கிருந்து நிரப்பிக்கொள்ளும் என்பதை விளக்கத் தேவையில்லை.

'மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு ஆசைப்பட்டு அவர்களே கூடுதலாக வேலை செய்கிறார்களே' என்று நம் சக ஆசிரியர் சிலர் கேட்கின்றனர். ஆசைதான், சோற்றுக்கு வரும் ஆசை. அடிப்படைச் சம்பளத்தைத் தாழ்வாக வைத்து, போதிய ஆட்களையும் நியமியாது, எஞ்சிய வேலையை மேலதிக நேரமாகச் செய்வித்தால், ஒரே கல்லில் இரு மாங்காய் விழும். 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலே அடிப்படைச் சம்பளம் உயர்த்தப்பட்டு மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணிக்கும் முறை மாற்றப்பட்டபோது தாதியர் வீதிக்கு வந்தது இதனாலேயே. மேலதிக நேரம் அவர்களின் மேலதிக வருமானமன்று. வாழ்க்கை வருமானத்தின் ஒரு பகுதி. அந்த ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துவோம். நமக்குத் தவணை விடுமுறை உண்டு. மாணவன் கட்டுரையில் நாம் காணத் தவறிய பிழையை மறுநாட் சிவப்பு மையாலே திருத்திவிடலாம்.

கைதட்டலின் பெறுமதியை இங்கிலாந்துத் தாதியர் நன்கறிவர். கொவிட் கொள்ளைநோய்க் காலத்திலே, 2020 மார்ச் 26 முதல் பத்து வாரங்கள், வியாழன்தோறும் இரவு 8 மணிக்கு அந்நாட்டவர் வாசலில் வந்து நின்று கைதட்டினர், பிரதமரும் தட்டினார். மறு ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வரசாங்கம் தாதியருக்குப் பிரேரித்த சம்பள உயர்வு 1 வீதம். எதிர்ப்பு வலுத்தபின் அது 3 ஆயிற்று. 2022 டிசம்பர் 15ஆம் திகதி அந்நாட்டின் தாதியர் சங்கமான றோயல் கல்லூரி, தன் 106 ஆண்டுக்கால வரலாற்றிலே முதன்முதலாக நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கியது. புகழ்ச்சிக்கும் சம்பளத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஆங்கிலேயனுக்கும் அதேதான்.

நம் மண்ணிலே அர்ப்பணிப்புக் குறைந்துவிட்டது என்று பிரசங்கிப்போர் ஒரு திகதியை மறந்துவிட வேண்டாம். 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியுட் புகுந்து சுட்டபோது வைத்தியரும் தாதியரும் சிற்றூழியரும் நோயாளருமாகப் பலர் மாண்டனர். அன்று அவர்கள் கடமையில் இருந்தபடியாலேயே மாண்டனர். 2009இன் தொடக்க மாதங்களில் வன்னியிலே பாடசாலைக் கட்டடங்களை ஆஸ்பத்திரியாக்கி, மயக்கமருந்தும் போதாத நிலையிலே காயத்துக்குக் கட்டுப் போட்டவர்களும் இத்தொழிலாளரே. கண்ட காட்சிகளோடு அவர்கள் மறுபடியும் கடமைக்குத் திரும்பினர். அவர்களின் மன அழுத்தத்தைப் பற்றிக் கருத்தரங்கு நடத்த அன்று எவருக்கும் தோன்றவில்லை.

மொழியையும் இங்குக் குறிப்பிடாது விட முடியாது. மலையகத்திலும் கிழக்கிலும் வடக்கிலும் சிங்களம் மட்டும் அறிந்த தாதியும் தமிழ் மட்டும் அறிந்த நோயாளியும் சந்திக்கும் விடுதிகள் உள்ளன. 'எங்கே நோகிறது' என்பதைக் கைச்சாடையாற் கேட்டு, அடுத்த கட்டிற்காரரைக் கொண்டு மொழிபெயர்ப்பித்து, விளங்கியும் விளங்காமலும் மருந்து கொடுக்கும் அவஸ்தை இருபுறத்தாருக்கும் பொதுவானது. அங்கே எழும் சினத்தை இனத் துவேஷம் என்று உடனே முத்திரை குத்துவோரோடு நாம் உடன்படவில்லை. தெற்கிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கும் தமிழ் கற்றுக்கொடுக்க எவரும் நேரம் ஒதுக்கவில்லை. 1847இலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், தாம் தமிழ் கற்றதோடு நில்லாது மேலை வைத்தியத்தையே தமிழிற் கற்பித்தார். அவருக்குப் பின் வந்த அரசுகளுக்கு அது இயலாத காரியமாகிவிட்டது.

தாதியர் வேலைநிறுத்தம் செய்தால் நோயாளி சாவானே என்பது இறுதியாக எஞ்சும் வாதம். அதன் கூர்மையை நாம் மறுக்கவில்லை. நோயாளியின் உயிரைப் பணயமாக்கும் போராட்டம் மக்களைத் தாதியரிடமிருந்து பிரித்து ஆட்சியாளரின் கையிலே ஒப்படைத்துவிடும். சங்கத் தலைவர்கள் தம் கோரிக்கைப் பட்டியலிலே கொடுப்பனவை முதலிலும் ஆளெண்ணிக்கையைக் கடைசியிலும் வைப்பது நமக்கு உடன்பாடன்று. முதற் கோரிக்கை எண்ணிக்கையாகட்டும். அது நோயாளியின் கோரிக்கையும் ஆகும். 1977இலே சர்வதேசத் தொழில் தாபனம் தாதியருக்கென 149ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றி, வேலைநேரம், வார ஓய்வு, விடுமுறை முதலியவற்றில் ஏனைய தொழிலாளருக்குக் குறையாத நிலையை அவர்களுக்கு வகுத்தது. தாதி ஒரு தொழிலாளி என்பதை ஏற்றுக்கொள்ள அது போதிய ஆதாரம்.

வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கங்கள் அனேகமாக எல்லா ஊர்களிலும் இயங்குகின்றன. வாசல் வளைவு கட்டுவதும் சுவருக்கு வர்ணம் பூசுவதும் நாற்காலி அன்பளிப்புச் செய்வதும் அவற்றின் பணிகள். நம் வாசகருள் அச்சங்கங்களில் அங்கம் வகிப்போர் பலர் இருப்பர். அடுத்த கூட்டத்திலே அவர்கள் ஒரு பிரேரணை கொண்டுவரட்டும்: ஒவ்வொரு விடுதியின் வாயிலிலும் அன்றைய நோயாளர் தொகையையும், அந்த முறையில் உள்ள தாதியரின் தொகையையும், நாளொன்றுக்கு மும்முறை எழுதி வைக்கவேண்டும். பார்வையாளர் நேரம் எழுதப்பட்டிருக்கும் பலகையிலேயே அதற்குப் போதிய இடம் உண்டு.